காவல்காரனின் கட்டில்

முதல் பேச்சு அத்தை வீட்டு முன்னறையில் நடந்தது. வக்கீல் அலுவலகத்தில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் இளைஞர் வந்திருந்தார். அத்தை அவரைத் தம்பி என்றுதான் கூப்பிடுவார். தம்பி தரையில் மண்டியிட்டு, மேசைக்கு அடியில் இருந்த கறுப்புச் சேமிப்புப் பெட்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, தன் லேப்டாப்பில் எதையோ தேடினார்.

“இதுல ஆன்டிவைரஸ் இல்லையே மேடம்.”

“இத்தனை வருஷத்துல ஒரு தும்மல்கூட வந்ததில்லையே தம்பி.”

“வந்தப்புறம் போடுறது இல்ல மேடம் அது. வராம இருக்கப் போடுறது.”

“அப்போ போடுங்க. வேணாம்னு யாரு சொன்னா?”

தம்பி போட்டார். திரையில் பச்சை நிறத்தில் ஒரு கேடயம் வந்து நின்றது. அதைப் பார்த்தபடியே அவர் உதட்டைப் பிதுக்கினார்.

“ரொம்பப் பழைய மாடல். மெமரி கம்மி. கொஞ்சம் இழுக்கும்.”

“நானும் பழைய மாடல்தான். படி ஏறினா எனக்கும்தான் இழுக்குது. ஏறாமலா இருக்கேன்?”

தம்பி சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டு விஷயத்துக்கு வந்தார். “இது சரியா ஓடலேன்னா வீட்டுல வச்சு வேலை பார்க்க விடமாட்டாங்க மேடம். உங்க மூணு பேரையும் ஆபீஸுக்கு வரச் சொல்லிடுவாங்க. அங்க சிஸ்டம் ரெடியா இருக்கு. காலையில வந்து உட்கார்ந்தா சாயந்தரம் எழுந்திரிக்கலாம்.”

“மாடிக்காரி படுத்த படுக்கையா இருக்கற புருஷனை முதுகுல கட்டிக்கிட்டு வரணுமா?”

“அதுக்கு நான் என்ன மேடம் பண்றது? ரூல் நான் போட்டதில்ல. மாசக் கடைசியில ரிப்போர்ட் கொடுக்கணும், அவ்வளவுதான் என் வேலை.”

“இந்தப் பெட்டி ஓடும் தம்பி. எழுதிக்கோங்க.”

“ஓடட்டும் மேடம், எழுதுறேன்.”

அவர் செருப்பு மாட்டிக்கொண்டு இறங்கிப் போனபிறகும் அத்தை கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். “வந்துட்டான், எழுதுறதுக்கு” என்றார். கோபமாக என்று சொல்ல முடியாது. சண்டைக்கு ஆள் கிடைத்துவிட்ட திருப்தி அதில் கொஞ்சம் இருந்தது.

அவர் என் அப்பாவின் அக்கா. படிப்பை முடித்துவிட்டு வேலை தேடிய மாதங்களில் நான் அவரோடு தங்கியிருந்தேன். அதற்கு முன் பல வருடங்கள் அத்தை ஒரு மருத்துவமனையில், டாக்டர்கள் பேசிப் பதிவு செய்யும் அறிக்கைகளைக் கேட்டுத் தட்டச்சு செய்து வந்தார். எதையோ மென்றுகொண்டே பேசும் டாக்டர், படியிறங்கிக்கொண்டே பேசும் டாக்டர், எல்லோருடைய ஆங்கிலமும் அவர் விரல்களுக்குப் பழக்கம். நாக்குக்குத்தான் பழக்கமில்லை. படித்தது முழுக்கத் தமிழில். “காது வழியா வந்துச்சு, கை வழியா போயிடுச்சு. நடுவுல வாய்ப்பக்கம் எட்டியே பார்க்கல” என்பார்.

பேச்சைத் தானாகவே எழுத்தாக்கும் மென்பொருள் வந்த அன்று, அந்த அறையில் இருந்த எல்லோர் கையிலும் ஒரு பூங்கொத்தைக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அத்தை பூங்கொத்தை வாசல் காவலாளியிடம் கொடுத்துவிட்டு, கால் பெடலைப் பைக்குள் போட்டுக்கொண்டு வந்துவிட்டார். ஒலிப்பதிவை நிறுத்தவும் பின்னுக்கு ஓட்டவும் காலால் மிதிக்கிற கருவி அது. “யாராவது கேட்டா கொடுத்திருப்பேன். யாரும் கேட்கல. என் காலையும்தான் அவங்க கேட்கல” என்பார்.

அந்தப் பெடலோடுதான் குடும்ப வழக்குகள் நடத்தும் ஒரு வக்கீலம்மாவிடம் போய் வேலை கேட்டார். விசாரணைகளின் ஒலிப்பதிவுகள் வரத் தொடங்கின. அடி வாங்கியவர்கள், பிள்ளையைப் பிரிந்தவர்கள், பதில் சொல்லாமல் அழுகிறவர்கள். எந்தப் பதிவும் இணையச் சேமிப்பு எதிலும் ஏறக் கூடாது, வீட்டுச் சுவருக்குள்ளேயே இருக்க வேண்டும் என்பது வக்கீலம்மாவின் நிபந்தனை. அத்தைக்கும் அதுதான் சரி என்று பட்டது.

வேலை பெருகியதும் இரண்டு பேரைச் சேர்த்துக்கொண்டார். ஒருவர் மாடிக்காரம்மா. அவருடைய கணவர் பெயின்டர். சாரத்திலிருந்து விழுந்தபின் இடுப்புக்குக் கீழே அசைவில்லை. இன்னொருவர் எதிர்வீட்டு டீச்சர். வகுப்பில் கத்திக் கத்தியே தொண்டை போய், எதைச் சொன்னாலும் ரகசியம் சொல்வது போலத்தான் அவருக்குக் குரல் வரும். மூடிப்போன ஒரு போட்டோ ஸ்டூடியோவிலிருந்து அந்தச் சேமிப்புப் பெட்டியை அத்தை வாங்கி வந்தார். படிக்கட்டுச் சுவரோடு கேபிள் இழுத்து மூன்று வீடுகளையும் அதில் இணைத்தார். பெட்டிக்குள் இருந்த ஃபோல்டர்கள் மூவருக்கும் பொதுவான அலமாரி ஆயின.

பெட்டிக்கு மாப்பிள்ளை என்று பெயர் வைத்தது மாடிக்காரம்மா. மூலையில் சும்மா உட்கார்ந்திருக்கும். தனியாக ஒரு ஃபேன் கேட்கும். எதற்கென்று தெரியாமல் முறுக்கிக்கொள்ளும். வீடே அதைச் சுற்றி வரவேண்டும்.

மாப்பிள்ளை முறுக்கிக்கொண்டால் என்ன செய்வது என்பதற்கு அந்தக் கட்டடத்தில் ஒரு வழக்கம் இருந்தது. மாடிக்காரம்மா துடைப்பக் கட்டையால் தரையில் தட்டுவார். கீழே அத்தை, காதிலிருக்கும் ஹெட்போனைக் கழற்றாமலேயே, கால் பெருவிரலால் சுவிட்சை அணைத்துப் போடுவார். கொஞ்ச நேரத்தில் ஃபோல்டர்கள் திரும்பி வந்துவிடும். எப்போதோ ஒருமுறை நடப்பதுதான்.

கேடயம் வந்த மறுநாளிலிருந்து துடைப்பக் கட்டை ஓயவில்லை. காலையில் நன்றாக இருக்கும். வேலை சூடு பிடிக்கும் நேரத்தில் ஃபோல்டர்கள் மறையும். தட்டு. அணை. போடு. திரும்ப வரும், பெருமூச்சு விட்டு உட்காருவதற்குள் மறுபடி மறையும். அத்தை ஃபேனைக் கிட்டத்தில் நகர்த்தினார். கேபிளை மாற்றினார். பெட்டியைத் திறந்து பல் துலக்கும் பிரஷால் தூசி தட்டினார். டீச்சர் ஒரு நாள் படியிறங்கி வந்து, ஒரு தாய் கொடுத்த சாட்சியம் முழுவதையும் தட்டச்சு செய்து சேமிக்கும்போது பெட்டி செத்துவிட்டது, பாதி போய்விட்டது என்று தன் ரகசியக் குரலில் சொன்னார். கத்த முடிந்திருந்தால் கத்தியிருப்பார். அந்தப் பெண் அழுவதை இன்னொரு முறை கேட்க வேண்டியிருக்கிறதே என்பதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

அப்பா போனில் பேசினார். “அக்கா, அந்தத் தகர டப்பாவைத் தூக்கிப் போடு. நான் புதுசு வாங்கித் தர்றேன்.”

“நீ வாங்கித் தந்தா அப்புறம் அது உன் பெட்டி. நாளைக்கு எதுக்காவது வாயைத் திறந்தேன்னா, நான் வாங்கிக் கொடுத்ததுதானேன்னு நிப்பே.”

“நான் எப்போ அப்படிச் சொன்னேன்?”

“தையல் மெஷினுக்குச் சொன்னே.”

அப்பா போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டார்.

பெட்டியின் உள்ளே நடப்பதையெல்லாம் அது தானே குறித்து வைக்கும் ஒரு பக்கம் இருந்தது. ஆங்கிலத்தில், வரி வரியாக. ஒரு நாள் மதியம் அதை நான் அத்தைக்கு வாசித்துக் காட்டினேன். நினைவகம் தீர்ந்தது என்று ஒரு வரி. இடம் போதாததால் ஃபோல்டர்களைப் பகிரும் வேலை நிறுத்தப்பட்டது என்று அடுத்த வரி. பிறகு பெட்டி மறுபடி எழுந்தது என்றும், பாதியில் நின்ற சோதனை முதலிலிருந்து தொடங்குகிறது என்றும் வரிகள்.

“இரு” என்றார் அத்தை. “கடைசியா சொன்னதைத் திரும்பப் படி.”

படித்தேன்.

“முதல்ல இருந்தா?”

“ஆமா அத்தை. ஒவ்வொரு தடவை அணைச்சுப் போடும்போதும்.”

அத்தை தன் கால் பெருவிரலைப் பார்த்தார். பெட்டி மூச்சு முட்டி நிற்கும். நாங்கள் உதவி என்று நினைத்து அணைத்துப் போடுவோம். அது எழுந்த வேகத்தில் முதல் கோப்பிலிருந்து மறுபடி சோதிக்கத் தொடங்கி மறுபடி மூச்சு முட்டும். ஆன்டிவைரஸ் ஒருநாளும் வேலையை முடிக்காததற்கு நாங்களும் ஒரு காரணம். அத்தை மாடிக்குப் போய்த் துடைப்பத்தையே கீழே எடுத்து வந்துவிட்டார். “நாளைக்கு யாரும் தட்டக் கூடாது. அது என்ன பண்ணுதோ பண்ணட்டும். ஒரு நாள் வேலை போனா போகுது.”

அடுத்த நாள் யாரும் தட்டவில்லை. மாடிக்காரம்மா படியில் உட்கார்ந்து கணவரின் துணிகளை மடித்தார். டீச்சர் வந்து வந்து பார்த்துவிட்டுப் போனார். பெட்டியின் விளக்கு கண் இமைக்கும் நேரம்கூட ஓயாமல் துடித்தது. பொழுது சாயும்வரை ஃபோல்டர்கள் வரவில்லை.

அதற்குப் பிறகு அத்தை வேலையைக் குறைத்துப் பார்த்தார். பழைய பதிவுகளைத் தொடாதே, புதிதாக வருவதை மட்டும் பார் என்று அமைத்தோம். பெரிய ஒலிக் கோப்புகளை விட்டுவிடு என்றோம். கட்டிச் சுருக்கிய கோப்புகளைப் பிரிக்காதே என்றோம். ஒவ்வொன்றுக்கும் பெட்டி கொஞ்ச நேரம் நல்ல பிள்ளையாக இருந்துவிட்டு மறுபடி விழுந்தது. பழுது பார்க்கும் கடைக்காரர் நினைவகத்தைக் கூட்ட முடியாது, அது பலகையோடு ஒட்டிப் பிறந்தது என்று கைவிரித்தார்.

“ஒண்ணு பண்ணு” என்றார் அத்தை. “ஒரு புது ஃபோல்டர் போடு. உள்ளே ஒண்ணும் வைக்காதே. இதை மட்டும் பாருன்னு சொல்லு.”

“காலி ஃபோல்டரையா? அதுல பார்க்க என்ன இருக்கு?”

“அதான். ஒண்ணுமே இல்லாததைப் பார்க்கறதுக்கு என்ன கேடுன்னு பார்ப்போம்.”

காலி ஃபோல்டரைப் பார்க்கச் சொன்னோம். பெட்டி விழுந்தது.

அத்தை கைதட்டிச் சிரித்தது எனக்கு அப்போது புரியவில்லை. பிறகு வந்த மாடிக்காரம்மாவிடம் அவர் விளக்கிய விதத்தில்தான் எனக்கும் முழுதாகப் புரிந்தது. உலகத்தில் இருக்கிற திருடர்கள் எல்லோருடைய அடையாளங்களையும் ஆன்டிவைரஸ் மொத்தமாக நினைவகத்தில் பரப்பி வைத்துக்கொண்டுதான் வேலையைத் தொடங்கும். பார்க்க வேண்டியது ஒரு கோப்போ, ஆயிரமோ, அந்தப் பரப்பு மாறாது.

“நம்மது ஒத்தை ரூம் வீடு” என்றார் அத்தை. “காவலுக்குன்னு ஒருத்தன் வர்றான். வந்தவன் கட்டில், பீரோ, பெரிய பெரிய அண்டா எல்லாத்தையும் தூக்கிட்டு வந்து நடுவுல போடுறான். அவன் திருடனைப் பிடிக்கிறானோ இல்லையோ, நாம படுக்க இடம் இல்ல. வீட்டுக்காரங்கதான் தெருவுல நிக்கிறோம்.”

“அப்போ என்னக்கா பண்றது?”

“கட்டிலோட அவனை வாசலுக்கு அனுப்பணும்.”

அதைத்தான் செய்தார். அத்தையின் லேப்டாப்பில் நினைவகம் தாராளமாக இருந்தது. அதில் ஆன்டிவைரஸும் ஒழுங்காக ஓடியது. வக்கீல் அலுவலகத்திலிருந்து வரும் எந்தப் பதிவும் முதலில் லேப்டாப்பில் இறங்கும். அங்கே சோதித்தபின்தான் பெட்டிக்குள் போகும். வாரத்துக்கு ஒருமுறை, யாரும் வேலை செய்யாத நாளில், லேப்டாப்பே கேபிள் வழியாகப் பெட்டியின் ஃபோல்டர்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்கும். பெட்டியிலிருந்த ஆன்டிவைரஸைக் கழற்றினோம். ஃபோல்டர்கள் காலையில் வந்தால் இரவு வரை இருந்தன.

தம்பியைக் கூப்பிட்டுக் காட்டினார் அத்தை. அவர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். நல்ல யோசனை என்றுகூடச் சொன்னார். “ஆனா என்கிட்ட இருக்கற கேள்வி ஒண்ணுதான் மேடம். பெட்டியில ஆன்டிவைரஸ் இருக்கா, இல்லையா? இல்லைன்னா நான் இல்லைன்னுதான் போடணும்.”

அவர் போனதும் மாடிக்காரம்மா அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டார். “அக்கா, அந்தப் பச்சைப் படத்தை மட்டும் திரும்பக் கொண்டுவந்துடுங்க. ஓட வேணாம். உள்ளே தூங்கிட்டுப் போகட்டும். அந்தத் தம்பி வந்து இருக்கான்னுதானே பார்ப்பாரு, ஓடுதான்னா பார்க்கப் போறாரு?”

அதைச் செய்வது மிகவும் எளிது. போட்டுவிட்டு நிறுத்தி வைத்தால் போதும், கேடயம் தெரியும். எனக்கும் அந்த எண்ணம் முன்பே வந்திருந்தது.

“கதவுல பூட்டுப் படம் வரைஞ்சு ஒட்டச் சொல்றியா?” என்றார் அத்தை.

“வரைஞ்சாத்தான் என்ன? நீங்க ஒத்தை ஆளு. பஸ் ஏறி ஆபீஸுக்குப் போயிட்டு வந்துடுவீங்க. நான் அவரை யார்கிட்ட விட்டுட்டுப் போறது? திருப்பிப் படுக்க வைக்கக்கூட ஆள் இல்ல.”

“தெரியும்டி. அதுக்காகத்தான் சொல்றேன். இன்னைக்குப் பொய் சொன்னோம்னா, அது தெரியுற அன்னைக்கு நம்ம பக்கம் பேசறதுக்கு ஒரு வார்த்தை இருக்காது. நாம சரியாத்தானே செஞ்சிருக்கோம்? சரியா செஞ்சதை ஏன் ஒளிக்கணும்? நான் போய் வக்கீலம்மாகிட்ட நேரா சொல்றேன்.”

“சொல்லி, அவங்க முடியாதுன்னுட்டா?”

“அப்போ நான் வேற வாசலைத் தட்டுவேன்.”

“நீங்க தட்டுவீங்க. பட்டினி நானில்ல கிடப்பேன்?”

மாடிக்காரம்மா படியேறிப் போய்விட்டார். அதன் பிறகு வேலை சம்பந்தமாகத் தவிர அவர் அத்தையிடம் பேசவில்லை. அத்தை எல்லோரிடமும் பிடிவாதமாக இருக்கக்கூடியவர். ஆனால் அந்த நாட்களில் மாடியில் கட்டில் நகரும் சத்தம் கேட்டால் கால் பெடலை விட்டுவிட்டு நிமிர்ந்து பார்ப்பார். தான் சொன்னது தப்பாகிப்போனால் யார் தலையில் விழும் என்பது அவருக்குத் தெரிந்தே இருந்தது. கேடயத்தை மட்டும் கடைசிவரை அவர் திரும்பப் போடவில்லை.

அத்தையோடு நானும் போனேன். வக்கீலம்மாவின் அறை கண்ணாடிச் சுவர் வைத்தது. அங்கே எல்லாமே ஆங்கிலத்தில்தான் நடக்கும். தம்பி முதலில் பேசினார். நடந்ததை மறைக்காமல், அத்தையைக் குறைக்காமல், விதி என்ன சொல்கிறது என்பதைச் சொன்னார். வக்கீலம்மா கடிகாரத்தைப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார். நீ படித்த பெண்தானே, உன் அத்தை செய்திருப்பதைச் சுருக்கமாகச் சொல் என்றார். நான் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“நான் சொல்றேன்” என்று ஆங்கிலத்தில் ஆரம்பித்தார் அத்தை. காலம் காலமாக விரலில் இருந்த சொற்கள் ஒவ்வொன்றாக, இடைவெளி விட்டு விட்டு, வாய்க்கு வந்தன. இலக்கணத்துக்கு ஒட்டாத வாக்கியங்கள். காலி ஃபோல்டரைப் பற்றிச் சொன்னார். கட்டிலைப் பற்றியும் சொன்னார். உங்கள் பயம் என்ன என்று தம்பியைப் பார்த்துக் கேட்டார். கெட்ட கோப்பு ஒன்று உள்ளே வந்து எங்கள் அலுவலகம் வரை பரவக் கூடாது, அதுதான் பயம் என்றார் தம்பி. அது வாசலிலேயே நிற்கிறது, அப்புறம் என்ன என்றார் அத்தை. தம்பி சற்று யோசித்தார். பெட்டிக்கு இணையத் தொடர்பே இருக்கக் கூடாது, மற்ற இருவரின் கம்ப்யூட்டரிலிருந்து தட்டச்சு செய்த பக்கங்கள் தனி ஃபோல்டருக்கு மட்டும்தான் போக வேண்டும், தானும் மாதத்துக்கு ஒருமுறை வந்து பார்ப்பேன், இவை நடந்தால் தனக்குத் தடையில்லை என்று வக்கீலம்மாவிடம் சொன்னார்.

“வரட்டும். ஆனா எங்க மூணு பேரையும் கேட்காம எதையும் பெட்டியில போடக் கூடாது” என்றார் அத்தை, இந்த முறை தமிழில்.

வக்கீலம்மா சிரித்துவிட்டார். ஒரு வருடம் பார்க்கலாம் என்றார்.

“அடுத்த வருஷமும் வருவேன்” என்றார் அத்தை.

வீட்டுக்கு வந்தபோது மாடிக்காரம்மா படியில் நின்றிருந்தார். முகத்தைப் பார்த்ததுமே தெரிந்துகொண்டார். “அக்கா, அன்னைக்கு நான்…” என்று தொடங்கினார். “வேலை கிடக்கு, போய் உட்காரு” என்று சொல்லிவிட்டு அத்தை உள்ளே போய்விட்டார்.

வக்கீலம்மாவின் அறையில் நான் ஏன் வாயைத் திறக்கவில்லை என்று அப்பா பிறகு கேட்டார். இரண்டு மொழியில் படிக்க வைத்தது எதற்கு என்றும் கேட்டார். அன்று காலை வக்கீல் அலுவலகத்தின் லிஃப்டுக்காகக் காத்திருந்தபோது, அத்தை தன் புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, என்னைப் பார்க்காமல், மூடியிருந்த கதவைப் பார்த்து ஒன்று கேட்டிருந்தார்.

“உள்ளே உன்னைத்தான் பேசச் சொல்லுவாங்க. நீ பேசினா அழகா இருக்கும், சீக்கிரமும் முடிஞ்சிடும். ஆனா பேசாதே. நான் திக்குவேன். திக்கட்டும். ரொம்ப நேரம் நின்னுட்டேன்னா மட்டும், எனக்குக் கேட்கற மாதிரி ஒரே ஒரு வார்த்தை எடுத்துக் கொடு. வாக்கியத்தை என்கிட்ட விட்டுடு. செய்வியா?”